முப்பத்தொரு அட்டைகள்

இராயக்கோட்டை பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில்
தாளுக்கு ஒன்றாக முப்பத்தொன்று எடுத்தேன்.
கறுப்பும் வெள்ளையுமாய்க் கோணல் கட்டங்கள்.
"என்ன சார், கோலப் போட்டியா?" என்றான் கடைப்பையன்.
"ஏழாம் வகுப்பு" என்றேன்.
அதுவே பதில் என்பதுபோல் சில்லறை கொடுத்தான்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் முதுகில் ஒட்டினோம்.
திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு பிள்ளை கையிலும்
யாரோ ஒரு மணமகளின் பெயர்.

செயலி காசு கேட்கவில்லை.
மின்னஞ்சல் கேட்டது, பிறந்த வருடம் கேட்டது,
பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டது.
எண்களை மட்டும் கொடுத்தேன்.
பெயர்கள் என்னிடமே இருக்கட்டும்.

மொத்த வகுப்புக்கும் ஒரு போன், என்னுடையது.
சிக்னல் தண்ணீர்த் தொட்டியருகே மட்டும் வரும்.
அங்கே நின்று கேள்விகளை இறக்கிக்கொண்டு
நிரம்பிய டம்ளரை ஏந்தி வருபவன்போல
வகுப்புக்கு நடந்தேன்.

கரும்பலகையில்:
எது பெரியது?
அ) 0.5 ஆ) 0.35
அட்டையின் எந்தப் பக்கம் மேலே நிற்கிறதோ
அதுதான் விடை.
பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு ஒன்றும் விளங்காது.
இரண்டு முறை எட்டிப் பார்த்த யஷ்வந்த்
மூன்றாம் முறை தன் அட்டையையே பார்த்தான்.

போனைத் தூக்கிக்கொண்டு
இடமிருந்து வலமாக, மெதுவாக,
பட்டியில் ஆடு எண்ணுவதுபோல.
சிவப்பு.
சிவப்பு.
சிவப்பு, சிவப்பு, சிவப்பு.
முன்வரிசை முழுக்கச் சிவப்பு.

ஐந்தைவிட முப்பத்தைந்து பெரியது.
அவ்வளவுதான்.

நேற்றுத்தான் கேட்டேன், "புரிஞ்சுதா?"
"புரிஞ்ச்சுது சாஆஆர்."
ஒரே தாளத்தில் முப்பத்தொரு தலைகள்.
அந்தத் தாளத்தை நம்பித்தான்
பதினேழு வருடம் அடுத்த பாடத்துக்குப் போனேன்.
அவர்களில் ஒருவன் சூளகிரிப் பக்கம் பெட்ரோல் பங்க்கில் நிற்கிறான்.
ஒருத்தி ஓசூரில் திருகாணிக்கு அளவு பார்க்கிறாள்.
எந்தப் புள்ளியில் அவர்களை விட்டுவந்தேன் என்று
இனி எந்த அட்டையை நீட்டிக் கேட்பது?

சிவப்புகளுக்கு நடுவே மூன்று பச்சை.
அதில் ஒன்று பத்தொன்பது.
ஜூன் மாதத்திலிருந்து நாகவேணி என்னிடம் பேசியது
"உள்ளேன் ஐயா" மட்டும்.

பெயரைச் சொல்லவில்லை.
"மூணு பேர் சரியா போட்டிருக்கீங்க,
யாராவது சொல்றீங்களா?" என்றேன்.
மின்விசிறி மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு, எழுந்திருக்காமலே, பெஞ்சைப் பார்த்தபடி,
"காட்டாலோ வெனக சுன்னா வேஸ்துந்தி சார்."
சிலர் சிரித்தார்கள். அவளும் தமிழுக்கு மாறினாள்:
"தக்காளி மண்டில, தராசு அரைக்கிலோவ
வெறும் அஞ்சுன்னு காட்டாது சார்.
பின்னால சைபர் போடும்.
ஐநூறு. அது முன்னூத்தம்பது."

சாக்பீஸை எடுத்தேன்.
ஐந்துக்குப் பின்னால் ஒரு சுழி போட்டேன்.
0.50
0.35
"அய்யே" என்றது கடைசி பெஞ்சு.
அதைவிடச் சுத்தமான கணித மொழி
எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

அந்நேரம் தலைமையாசிரியர் வாசலில்.
"போட்டோ எடுத்தாச்சா சார்? குரூப்ல போடணும்."
எடுத்தோம். அட்டைகளை உயர்த்திப் பிடித்தார்கள்,
விடை தெரிந்தவர்களும் தெரியாதவர்களும்
ஒரே மாதிரிச் சிரித்தபடி.

பாட்டரி ஒன்பது சதம்.
இன்னொரு கேள்வி: 0.7, 0.68.
பச்சை, பச்சை, இங்கே ஒரு சிவப்பு, பச்சை.
இருபத்தாறு வந்ததும் நின்றுவிடலாம் போலிருந்தது.
மிச்சம் ஐந்தையும் பார்த்தேன்.
நான்கு, நான் எதிர்பார்த்தவை.
ஐந்தாவது எண் எட்டு, ஹரிநாத்,
முதல் கேள்விக்குப் பச்சையாய் இருந்தவன்.

என் விளக்கம்தான் அவனைக் குழப்பியிருக்கும்.
அல்லது அப்போது குருட்டாம்போக்கில் போட்டிருப்பான்.
செயலிக்கு அது தெரியாது.

போன் அணைந்தது.
மணியடிக்க நான்கு நிமிடம் இருந்தது.
அவன் பெஞ்சில் கொஞ்சம் இடம் கேட்டு
உட்கார்ந்தேன்.